உணவிடும்போது பம்பை நிறுத்தத் தொடங்கியதிலிருந்து உப்பு குறைந்துகொண்டே போகிறது: உதவி தேவை

அடையாறு_அலை:
அனைவருக்கும் வணக்கம். என் கடல்நீர் மீன்தொட்டியில், உணவாகப் போடும் குட்டி மைசிஸ் இறாலை அனிமோனின் (பூப்போல விரியும் கடலுயிர்) வாயருகே கொண்டுபோவதற்குள் நீரோட்டம் அதை அடித்துக்கொண்டு போய்விடுவதால், கடந்த மூன்று வாரங்களாக உணவிடும் வேளையில் பம்புகளை நிறுத்திவைக்கிறேன். அன்றுமுதல் உப்பளவு (ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில்) 35-இலிருந்து 32-க்கு இறங்கிவிட்டது. அனிமோன் சுருங்கிக் கிடக்கிறது. பவளம் போன்ற ஸோவாந்தஸும் பாதிதான் விரிகிறது. வாராவாரம் மாற்றும் தண்ணீரை 35-க்குக் கலந்துதான் ஊற்றுகிறேன். தவறு எங்கே இருக்கிறது? இரவுப் பணிக்குக் கிளம்புகிறேன், அதனால் சுருக்கமாக எழுதியதற்கு மன்னிக்கவும்.

சிப்பி_வேலூர்:
பம்புகள் என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எந்தெந்தப் பம்புகள் என்று சொல்லவில்லை. தொட்டியின் அளவு என்ன, கீழே சம்ப் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் கீழ்த்தொட்டி) இருக்கிறதா, ஆவியாகும் தண்ணீரைக் கையால் ஊற்றுகிறீர்களா அல்லது அதைத் தானாகவே ஈடுசெய்யும் ஆட்டோ டாப்-அப் வைத்திருக்கிறீர்களா, ஒரு நாளைக்கு எத்தனை முறை எவ்வளவு நேரம் நிறுத்துகிறீர்கள் என்பவற்றையெல்லாம் தெரிவித்தால்தான் யாரும் எதையும் சொல்ல முடியும்.

கடற்பஞ்சு:
இதே கேள்வி மாதம் ஒருமுறை இங்கே வருகிறது. பழைய இழைகளைப் புரட்டிப் பார்க்கும் பொறுமைதான் எவருக்கும் இருப்பதில்லை. தம்பி, குறைந்திருப்பது உங்கள் உப்பு அல்ல, உங்கள் ரிஃப்ராக்டோமீட்டரின், அதாவது உப்பளக்கும் கருவியின், நேர்மை. ஆர்.ஓ. தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டால் கருவி சரியாகிவிட்டது என்று புதியவர்கள் நம்புகிறார்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இல் பிசகலாம். 35 அளவுள்ள சரிபார்ப்புத் திரவத்தை வாங்கி அதை வைத்துத் திருத்துங்கள், பிறகு பேசலாம்.

சிப்பி_வேலூர்:
கருவி மட்டும் பொய் சொல்கிறது என்றால் அனிமோன் ஏன் சுருங்கவேண்டும், ஐயா? அதற்கு ரிஃப்ராக்டோமீட்டரைப் பார்க்கத் தெரியாதே.

ஓட்டம்_நிற்காது:
பம்பை எதற்காக நிறுத்தவேண்டும் என்பதுதான் என் கேள்வி. மண்டபம் பக்கத்துப் பவளத் திட்டுகளில் மீன்களுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று யாரும் கடலை நிறுத்திவைப்பதில்லை. நீரோட்டம் கொண்டுவந்து கொடுப்பதைப் பிடித்துத் தின்னவே பவளமும் அனிமோனும் கைகளை விரித்துக் காத்திருக்கின்றன. தொட்டிக்குள் அலையெழுப்பும் வேவ்மேக்கரின் வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே போதும்.

அடையாறு_அலை:
பதில் தந்தவர்களுக்கு நன்றி. தொட்டி 90 × 45 × 50 சென்டிமீட்டர், சம்ப் 60 × 35 சென்டிமீட்டர், பாறையைக் கழித்து மொத்தத் தண்ணீர் சுமார் 220 லிட்டர். சம்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்பையும் இரண்டு வேவ்மேக்கர்களையும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, பத்துப் பதினைந்து நிமிடங்கள் நிறுத்துகிறேன். ஹீட்டர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், அழுக்கை நுரையாக்கிக் கோப்பையில் பிரிக்கும் ஸ்கிம்மர் ஆகியவை வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். சில்லருக்குத் தனிப் பம்ப் உண்டு. ஆட்டோ டாப்-அப் இருக்கிறது, அதில் ஆர்.ஓ. தண்ணீர்தான் நிரப்புகிறேன்.

சம்ப்_ராசு:
ஆட்டோ டாப்-அப் என்றதுமே விடை கிடைத்துவிட்டது. ரிட்டர்ன் பம்பை மறுபடி ஓடவிடும்போது, மேல்தொட்டி நிரம்பி ஓவர்ஃப்ளோ (தண்ணீர் வழிந்திறங்கும் வாய்) வழியாகத் தண்ணீர் திரும்பும்வரை பம்ப் இருக்கும் அறையில் மட்டம் சட்டென்று கீழே இறங்கும். சென்சார் அதைப் பார்த்து, தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று நினைத்து நன்னீரை உள்ளே விடும். நாளுக்கு இருமுறை இப்படி நடந்தால் உப்பு நீர்த்துப்போகாமல் என்ன செய்யும்? உணவிடும்போது ஆட்டோ டாப்-அப்பையும் சேர்த்து நிறுத்துங்கள்.

உப்புக்கணக்கு:
ராசு அண்ணன் சொல்வது நடக்கும், ஆனால் அதனால் மூன்று வாரத்தில் மூன்று புள்ளி இறங்காது. அப்படிக் கூடுதலாக இறங்கிய நன்னீர், மட்டம் பழைய நிலைக்கு வந்ததும் சென்சாருக்கு மேலே மிச்சமாக நிற்கும். அது ஆவியாகித் தீரும்வரை டாப்-அப் மறுபடி ஓடாது. ஆகவே உப்பு சற்றே இறங்கி, அடுத்த சில மணி நேரத்தில் தானாகவே ஏறிவிடும். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. உப்பளவு நிரந்தரமாகக் குறையவேண்டுமென்றால் உப்புத் தண்ணீர் எங்கோ வெளியேறியிருக்கவேண்டும், அதன் இடத்தை நன்னீர் நிரப்பியிருக்கவேண்டும். 220 லிட்டரில் 35 என்பது 32 ஆக, ஏறத்தாழ 20 லிட்டர் வெளியேறியிருக்கவேண்டும். அதாவது நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தரையில் கசிவு இருந்தால் இந்நேரம் வீட்டில் தெரிந்திருக்கும். எனவே ஒரு கேள்வி: ஸ்கிம்மரின் கழிவுக் கோப்பையிலிருந்து ஒரு குழாய் வெளியே வாளிக்குப் போகிறதா?

கடற்பஞ்சு:
மீட்டரைச் சரிபார்க்காமல் 20 லிட்டர், 21 லிட்டர் என்று கணக்குப் போடுவது மணலில் வீடு கட்டுவதற்குச் சமம்.

உப்புக்கணக்கு:
மீட்டரையும் சரிபார்க்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. நான் சந்தேகப்படும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிட்டர்ன் பம்ப் நின்றதும், மேல்தொட்டியில் இருக்கும் அதன் குழாயின் வாய் தண்ணீருக்கு வெளியே வரும்வரை மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கும். 90-க்கு 45 தொட்டியில் 4 சென்டிமீட்டர் இறங்கினாலே 16 லிட்டர் ஆகிறது. அது 60-க்கு 35 சம்பில் பரவும்போது, தடுப்புக் கண்ணாடிகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைக் கழித்துப் பார்த்தாலும், ஸ்கிம்மர் நிற்கும் அறையில் மட்டம் சில சென்டிமீட்டர் ஏறிவிடும். ஸ்கிம்மருக்கு அந்தச் சில சென்டிமீட்டரே அதிகம். கழுத்தில் காய்ந்த நுரையாக ஏறவேண்டியது வெறும் தண்ணீராகவே ஏறிக் கோப்பையில் வழியும். கோப்பையில் வெளியே போகும் குழாய் இல்லையென்றால் நிரம்பிச் சம்பிலேயே விழும். அழுக்குத் திரும்பும், உப்பு மிஞ்சும். குழாய் வாளிக்குப் போனால் உப்பு வீட்டைவிட்டே போய்விடும்.

சிப்பி_வேலூர்:
இதில் இன்னொன்றும் உண்டு. மைசிஸை உறைநிலையிலிருந்து உருக்கிய தண்ணீரோடு சேர்த்து ஊற்றினாலும், உணவில் எண்ணெய் வகை வைட்டமின் கலந்தாலும் ஸ்கிம்மரின் நடத்தை மாறும். சில நேரம் நுரையே வராமல் அடங்கிவிடும், சில நேரம் பொங்கி வழியும். இறாலை வலையில் அலசிவிட்டுப் போடுங்கள்.

ஓட்டம்_நிற்காது:
பார்த்தீர்களா, பம்பை நிறுத்தியதால்தான் இத்தனை வினையும். நிறுத்தாமல் இருந்திருந்தால் மட்டமும் ஏறியிருக்காது, வாளியும் நிறைந்திருக்காது.

சம்ப்_ராசு:
கடலில் ஓவர்ஃப்ளோ சீப்பும், அழுக்கைப் பிடிக்கும் துணிப்பையான ஃபில்டர் சாக்ஸும் கிடையாது, நண்பரே. ரிட்டர்ன் ஓடினால் போட்ட உணவில் பெரும்பகுதி சாக்ஸுக்குப் போய் அழுகி, நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் திரும்பி வரும். ரிட்டர்னை நிறுத்துவதுதான் சரி. வேவ்மேக்கரை மெதுவாக ஓடவிடலாம் என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.

ஓட்டம்_நிற்காது:
சாக்ஸை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. நிறுத்திவிட்டு மறந்துபோகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே!

மூன்றாம்_தொட்டி:
நான் அப்படி மறந்தவன்தான். ஓர் இரவு உணவிட்டுவிட்டு, தொலைபேசியில் பேசிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டேன். விளக்கும் அணைந்திருந்ததால் பாசியும் ஆக்சிஜன் தரவில்லை, மேற்பரப்பும் அசையவில்லை. காலையில் இரண்டு மீன்கள் போயிருந்தன, மீதமிருந்தவை மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பத்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாது, பத்து மணி நேரத்தில் எல்லாமே ஆகும். அதன்பிறகு சுவிட்சைக் கையால் தொடுவதில்லை. டி.சி. பம்பின் கன்ட்ரோலரில் உணவு நேரத்துக்கென்று இருக்கும் பொத்தான், பத்து நிமிடத்தில் தானே ஓட்டத்தைத் தொடங்கிவிடும். ஏ.சி. பம்ப் என்றால் டைமர் உள்ள பிளக் போதும்.

அனிமோன் வைத்திருப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. வேவ்மேக்கர் நிற்கும் நேரத்தில் அனிமோன் நகர்ந்து அதன் வலைமேல் அமர்ந்திருந்தால், மறுபடி ஓடும்போது அரைபட்டுப்போகும். சுவிட்சைப் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புக்கணக்கு:
வரிசையையும் சொல்லிவிடுகிறேன். ரிட்டர்னை நிறுத்தும்போதே ஸ்கிம்மரையும் நிறுத்தவேண்டும். மறுபடி தொடங்கும்போது முதலில் வேவ்மேக்கர், அடுத்து ரிட்டர்ன், சம்பின் மட்டம் பழைய கோட்டுக்கு வந்து இன்னும் பத்து நிமிடம் கழித்து ஸ்கிம்மர். ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால் பின்னோக்கி இறங்கும் தண்ணீர் வெகுவாகக் குறையும். ஆனால் அந்தத் துளையைப் பாசி அடைக்காமல் மாதம் ஒருமுறை ஊசியால் குத்திவிடவேண்டும்.

கடற்பஞ்சு:
துளை எதற்கு, தண்ணீரைப் பின்னோக்கி விடாத செக் வால்வு போட்டால் முடிந்தது. எல்லாவற்றையும் இங்கே சொல்லித்தரவேண்டியிருக்கிறது.

சம்ப்_ராசு:
கடல்நீரில் செக் வால்வை நம்பி என் கூடத்துத் தரையை இருமுறை துடைத்திருக்கிறேன், ஐயா. சுண்ணாம்புப் படிவம் ஒரு துணுக்கு மாட்டினாலும் அது முழுதாக மூடாது. சம்பில் காலி இடம் விட்டுவைப்பதுதான் நம்பத்தக்க வழி.

அடையாறு_அலை:
இரண்டு நாள்களாக வர இயலவில்லை. ஆம், ஸ்கிம்மர் குழாய் பால்கனியில் இருக்கும் வாளிக்குத்தான் போகிறது. அதை நான் எழுதாததற்குக் காரணம், அந்த வாளி எப்போதும் காலியாகவே இருப்பதைப் பார்த்துவந்தேன். இன்று கேட்டபோதுதான் தெரிந்தது, அம்மா தினமும் அதை எடுத்துச் செடிகளுக்கு ஊற்றிவந்திருக்கிறார். மீன் தண்ணீர் நல்ல உரம் என்று யாரோ சொன்னார்களாம். நேற்று மாலை ஒருவேளைக்கு அளந்து பார்த்தேன், அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. சரிபார்ப்புத் திரவமும் வாங்கினேன்: 35 என்பதை மீட்டர் 34.5 என்று காட்டுகிறது. ஆகவே கடற்பஞ்சு ஐயா சொன்னதிலும் அரைப் புள்ளி உண்மை இருக்கிறது. இப்போது உப்பை எப்படி ஏற்றுவது?

உப்புக்கணக்கு:
உப்பை நேரடியாகத் தொட்டியில் கொட்டாதீர்கள். மீட்டரின் பிசகைக் கழித்தால், 35-ஐ எட்ட உண்மையில் ஏற்றவேண்டியது இரண்டரைப் புள்ளி. 220 லிட்டருக்கு அது சுமார் 550 கிராம் உப்பு. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக, சில நாள்களுக்கு ஆர்.ஓ. தண்ணீருக்குப் பதில் 35-க்குக் கலந்த உப்புத் தண்ணீரைக் கையால் ஊற்றிவாருங்கள். நாளொன்றுக்கு ஒரு புள்ளிக்குமேல் ஏறவிடாமல் தினமும் அளந்துகொள்ளுங்கள். அதுவரை ஆட்டோ டாப்-அப் நிறுத்தியே இருக்கட்டும்.

அடையாறு_அலை:
அப்படியே செய்கிறேன், நன்றி. அனிமோன் இன்னும் முழுதாக விரியவில்லை. பால்கனியில் கறிவேப்பிலைச் செடி ஏன் பட்டுப்போனது என்று அம்மா ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் பதில் கிடைத்துவிட்டது, இன்னும் அவரிடம் சொல்லவில்லை.