ப்ரோபயாட்டிக்: மீன்குஞ்சுத் தீனி கையேட்டுக்கு ஒரு சொல் வேணும்

ஐயா, டீச்சர் அக்கா, தம்பிமாரே வணக்கம். ஞாயித்துக்கிழமை மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் கெலி மீன் (கெளுத்தி) வளக்குறவங்களுக்கு வகுப்பு, கையேடு நாளைக்கு அச்சுக்குப் போவணும், அதுல வர்ற ப்ரோபயாட்டிக்குக்கு, அதாவது குஞ்சு கொடலுக்கு நல்லது செய்யணும்னு தீனியில கலக்குற உயிருள்ள நுண்ணுயிரிக்கு, நீங்க ஆளுக்கொரு தமிழ்ச் சொல்லு சொன்னீங்க, இன்னும் முடிவாகல.

ஐயாவோட 'நன்னுயிரி' காதுக்கு இனிமைதான், ஆனா மண்புழுவும் நன்னுயிரிதானே? அக்கா சொல்ற 'நல்ல கிருமி' தோட்டத்து ஆளுங்களுக்கு உடனே புரியும், ஆனா கிருமின்னாலே மருந்தடிச்சுக் கொல்லணும்னு பழகினவங்க, குஞ்சுத் தீனியில கிருமி கலக்கச் சொன்னா பாக்கெட்டையே தொடமாட்டாங்க. தம்பியோட 'ராகி' மலாயில புளிக்க வைக்கிற ஈஸ்ட் மாவு, தாப்பாய்ங்குற புளிச்ச சோறு செய்ற மலாய்க்காரங்களுக்குச் சரி, நம்ம ஆளுங்க கேப்பை மாவை வாங்கிட்டு வந்துருவாங்க.

2001ல எஃப்ஏஓவும் (ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு) உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து குடுத்த வரையறையைப் பாருங்க: உயிரோட இருக்கணும், போதுமான அளவு போவணும், தின்ன உடம்புக்கு நன்மை செய்யணும். செத்தது கணக்குல வராது. அதான் லாக்டோபாசிலஸ்ங்குற தயிர் வகை பாக்டீரியாவை பெல்லட் (தீனிக் குருணை) சூடா இருக்கறப்ப கலக்கக்கூடாது, ஆறினப்புறம் கொஞ்சம் எண்ணெயோட மேல தெளிச்சுப் பெரட்டி நெழல்ல ஒலத்தணும். பாசிலஸ் சப்டிலிஸ்ங்குற இன்னொரு பாக்டீரியா வித்து மாதிரி உறங்கிக் கெடக்கும், சூட்டைத் தாங்கும்.

என் சொல்லு 'உறைநுண்ணி'. பாலுக்கு உறை ஊத்துறோம்ல, அந்த உறை. 'வானுறையும் தெய்வத்துள்'னு குறள்ல வர்ற உறைதலுக்குத் தங்குறதுன்னு அர்த்தம், அதுவும் இந்தச் சொல்லுல ஒலிக்குது. குஞ்சு கொடல்ல போய் எடம் புடிச்சுக்கிட்டு நோய் குடுக்குறதுக்கு எடமில்லாம பண்ணுதே, அதைத்தான் இந்தச் சொல்லு சொல்லுது.

ஐயா எழுதினது:
தம்பி, பிடிவாதம் வேணாம். தீனியை நிறுத்தினா பலது கொஞ்ச நாள்லயே கொடலை விட்டுப் போயிருது, அதனாலதானே தொடர்ந்து குடுக்கச் சொல்றோம்? தங்காததுக்கு என்ன உறை? அதுவுமில்லாம உறைன்னா ஐஸ்பெட்டியில வைக்கணும்னு நெனைப்பாங்க.

டீச்சர் அக்கா எழுதினது:
எனக்கு இன்னும் நல்ல கிருமிதான். ஆனா நேரமில்ல, நன்னுயிரிக்கே கை தூக்குறேன்.

என் பதில்:
சரிங்க ஐயா, நெறைய பேர் நன்னுயிரிங்குறாங்க, மொதல் எடத்துல ப்ரோபயாட்டிக் எனும் நன்னுயிரின்னு போட்டுடறேன். தங்குற வரைக்கும் உறைதல் உறைதல்தான், உறைநுண்ணியை நான் வாபஸ் வாங்கல. அடுத்த பக்கத்துல ஆன்ட்டிபயாட்டிக் வருது, அதுக்கு என்ன போடலாம்னு ராத்திரிக்குள்ள சொல்லிருங்க.