சீனரிக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

பாயான் பாரு டீச்சர் | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் பதினொரு பேர் சேர்ந்து பினாங்கு விமான நிலையத்தைக் கணினிக்குள் கட்டியிருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தே விமானம் ஓட்டும் அந்த ஒப்புருவில் (சிமுலேட்டரில்) பாயான் லெப்பாஸில் இருக்கும் அந்த நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் முனையக் கட்டடம் எந்த ஊருக்கும் பொருந்துகிற ஒரு தகரக் கொட்டகை. பிள்ளைகள் அதைத் தூக்கிவிட்டு, தாங்களே போய்ப் படம்பிடித்த சுவரையும் கூரையையும் ஒட்டினார்கள். ஒரு பையன் பாம்புக் கோயிலையும் வைத்துவிட்டான். முனையத்தைவிட அது கொஞ்சம் உயரமாகவே நிற்கிறது.

சனிக்கிழமை பெற்றோருக்குக் காட்டுகிறோம். ஒரு கையேடு, ஒரு பதாகை, பதினொரு சான்றிதழ். வெள்ளி காலை பத்து மணிக்குள் கோப்பு அச்சுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் கட்டிய இந்தப் பொருளை எல்லாரும் 'சீனரி' என்கிறார்கள். ஓவிய வகுப்பில் சீனரி என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை. மலாயில் 'பெமண்டாங்கான்' என்றாலும் அதே தென்னைதான். 'விமான நிலைய இயற்கைக்காட்சி அமைத்தமைக்காக' என்று சான்றிதழில் போட எனக்குக் கை வரவில்லை.

'ஒப்புரு' அழைப்பிதழிலேயே அச்சாகிவிட்டது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

செந்தூலான் | திங்கள், இரவு 11.55

டீச்சர், இந்தப் பொழுதுபோக்கில் இருபது வருடமாகக் காசைக் கரைத்தவன் என்ற முறையில் முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சண்டை போடுவோம்.

சீனரி வெறும் காட்சி இல்லை. அடியில் நிலத்தின் மேடுபள்ளம் ஒரு வலையாக இருக்கும். அதன்மேல் வானிலிருந்து எடுத்த படத்தைப் போர்வை மாதிரி விரிப்பார்கள். போர்வைக்கு மேலே கட்டடம், மரம், விளக்குக் கம்பம். இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் ஒன்று உண்டு: எந்த டாக்சிவே (விமானம் ஊர்ந்து போகும் பாதை) எங்கே சேரும், எந்த நிறுத்தத்தில் எவ்வளவு பெரிய விமானம் நிற்கலாம் என்ற கணக்கு. கடைசியாக ஒரு விலக்கு எல்லை. 'இந்தக் கோட்டுக்குள் பழையது எதுவும் இருக்கக் கூடாது' என்று சொல்கிற கோடு அது. அதை மறந்தால் பழைய முனையமும் புதிய முனையமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும். இரண்டு சுவரும் ஒரே இடத்தில் இருப்பதால் எதைக் காட்டுவது என்று கணினிக்கே தெரியாமல் சுவர் மினுமினுக்கும். நான் ஒரு முறை மறந்தேன். பினாங்கின் 04 ஓடுபாதையில், சரியாகச் சக்கரம் தொடும் இடத்தில், ஒரு தோப்பு.

எக்ஸ்-பிளேன் என்ற ஒப்புருவில் 'கஸ்டம் சீனரி' என்று ஒரு கோப்புறை. எது மேலே, எது கீழே என்று அதற்குள் ஒரு பட்டியல். நிலையம் மேலே, படப்போர்வை அதற்குக் கீழே, மேடுபள்ள வலை அடியில். மைக்ரோசாப்ட் ஒப்புருவின் 2020 பதிப்பில் 'கம்யூனிட்டி' கோப்புறையில் போட்டால் போதும். ஆக இது பார்க்கிற பொருள் இல்லை. ஒரு இடத்தை எடுத்துவிட்டு இன்னொரு இடத்தை வைக்கிற வேலை.

என் ஓட்டு சீனரிக்கே. பஸ், கார், சாலைக்கு மலாயில் சாலான், எல்லாம் சொல்கிற வாய்தானே.

பிறை ஊரான் | செவ்வாய், காலை 5.10

அன்புடையீர். சொல் நம்மிடம் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இருக்கிறது, நாம்தான் தேடுவதில்லை. எழினி, அதாவது மேடைத் திரை.

சிலம்பின் அரங்கேற்று காதையைப் பாருங்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கமிருந்து வருவது, இரு பக்கமிருந்தும் வந்து எதிரெதிர் பொருந்துவது, மேலே மறைந்திருந்து இறங்குவது. செந்தூல் தம்பி 'போர்வை' என்று சொன்னாரே, அது கரந்துவரல் எழினி அல்லாமல் வேறென்ன?

வேரைப் பார்த்தால் இன்னும் இனிக்கும். எழு, எழில், எழுது, எழினி. ஓவியத்தை நாம் எழுதுகிறோம். மேகத்துக்குச் சங்கப் புலவர் சொன்னது எழிலி. எழிலிக்கு மேலே பறந்து எழினியில் இறங்குகிறார்கள் உங்கள் பிள்ளைகள். இதைவிட வேறு என்ன வேண்டும்? அதியமான் குடியிலும் எழினி என்ற பெயர் உண்டு, அது தனிக்கதை, பிறகு எழுதுகிறேன்.

என் சிறுவயதில் தோட்டத்து நாடகத்துக்கு ஒரு படுதா வரும். ஒரு பக்கம் அரண்மனை, திருப்பிக் கட்டினால் காடு. அரிச்சந்திரன் நாட்டை இழந்ததும் இரண்டு பேர் மூச்சுத் திணறத் திருப்பிக் கட்டுவார்கள். அந்த நேரத்தில் அவன் மனைவி வேடம் போட்டவர் மேடையோரத்தில் பீடி பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு இடத்தை எடுத்து இன்னொன்றை வைப்பது என்றால் அதுதான்.

'விமானம்' கோயிலுக்கு உரியது. புறநானூறு 27இல் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறது. வானூர்தி நிலைய எழினி என்று போடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா | செவ்வாய், மதியம் 12.30

ஐயா, அதிகாலையில் எழிலியும் எழினியுமாக ஆனந்தமாக இருந்தது. ஆனால் எழினி திரை. திரைக்கு முன்னால் ஆடலாம், அதற்குள் போய் வண்டியை நிறுத்த முடியாது. இன்னொன்று, எங்கள் அடுக்குமாடியிலேயே ஒரு குட்டிப் பெண்ணுக்கு எழினி என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு மாணவி இருந்தால் 'எழினி அமைத்த எழினிக்காக எழினிக்கு' என்று சான்றிதழ் கொடுக்க வேண்டி வரும். அதை வாசிக்கப்போகும் தலைவர் 'எலினி' என்பார். அது எலி சம்பந்தப்பட்டதாகிவிடும்.

எனக்குத் திணைதான் தோன்றுகிறது. தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று பிரித்தது இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. முதல் என்பது நிலமும் பொழுதும். நிலம் அந்த மேடுபள்ள வலை. பொழுது, காலையா மாலையா என்று மாற்ற ஒப்புருவில் இருக்கும் பொத்தான். கரு, மரமும் புள்ளும் ஊரும். செந்தூலான் அடுக்கிய சாமான்கள். உரி, அதாவது மன உணர்வு, அதை மட்டும் விற்க முடியாது, ஓட்டுகிறவர் கொண்டுவர வேண்டும்.

விமான நிலையம் என்ன திணை என்று கேட்டால், பாலை. பிரிதல்தானே அங்கே நடக்கிறது? பாலைக்குச் சொந்த நிலமும் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு இழந்து 'பாலை என்பதோர் படிவம்' கொள்ளும் என்கிறார் இளங்கோ. சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ. (கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம்) வந்த நிலத்தை நினைத்துப் பாருங்கள். செம்பனைத் தோட்டமாக இருந்தது, 1998இல் ஓடுபாதையானது. அப்புறம் துணைமுனையத்தின் நடுவில் ஒரு காட்டை நட்டார்கள். கட்டடக் கலைஞர் குரோகாவாவின் யோசனை அது: காட்டுக்குள் நிலையம், நிலையத்துக்குள் காடு. பாலைக்குள் கொஞ்சம் முல்லையைத் திருப்பி வைத்தாற்போல.

இளங்கோவின் அந்தச் சொல்லையே எடுக்கலாமே? நிலையப் படிவம்.

செந்தூலான் | செவ்வாய், மதியம் 12.41

அக்கா, என் மகன் பள்ளியில் படிவம் நான்கு. 'விமான நிலையப் படிவம்' என்றால் குடிநுழைவு முகப்பில் பேனா கேட்டுக் கடன் வாங்கி நிரப்புகிற தாள்.

ஸ்தாப்பாக் தம்பி | செவ்வாய், மாலை 6.15

மென்பொருள் தமிழாக்கத்தில் கொஞ்சம் கை வைத்தவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அக்காவின் திணையும் வேண்டும், இறங்குவதற்கு ஒரு வெளியும் வேண்டும். போர்க்களம், நெற்களம் மாதிரி, விமானம் இறங்குவதும் களம்தான். மலாய்க்காரர்கள் விமான நிலையத்தை 'லாப்பாங்கான் தெர்பாங்' என்கிறார்களே, அந்த லாப்பாங்கான் நம் களமேதான். இரண்டையும் சேர்த்தால்: திணைக்களம்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா | செவ்வாய், மாலை 6.22

தம்பி! யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இதை அனுப்பினேன். 'எந்தத் திணைக்களத்திலே வேலை, ஓய்வூதியம் உண்டோ?' என்று கேட்கிறார். இலங்கையில் திணைக்களம் என்றால் அரசாங்க இலாகா. டீச்சரின் பிள்ளைகள் பதினொரு பேரும் ஒரு சிவில் விமானப் போக்குவரத்து இலாகாவையே கட்டியதாக ஆகிவிடும்.

ஸ்தாப்பாக் தம்பி | செவ்வாய், இரவு 8.03

சரி, திணையை விட்டுவிடுகிறேன். களம் இருக்கட்டும். நிறுவும் கோப்புத்தொகுப்பை நாங்கள் பொதி என்கிறோம். அப்படியானால் களப்பொதி. சிறியது, சொல்ல எளிது, பன்மை வரும், 'களப்பொதி நிறுவி', 'களப்பொதிக் கடை' என்று எந்தப் பக்கமும் வளையும்.

செந்தூலான் | செவ்வாய், இரவு 8.10

ஒரு ள் கூடிப்போனால் கள்ளப்பொதி. அந்தக் காலத்தில் நாங்கள் கடைத்தெருவில் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கிய திருட்டு வட்டுக்குச் சரியான பெயர். பள்ளிக்கூடத்துப் பதாகைக்கு வேண்டாம்.

பிறை ஊரான் | புதன், காலை 5.02

சிரித்து முடித்தாயிற்றா? நான் கேட்பது ஒன்றுதான். மலாய்க்காரர்களுக்கு டேவான் பஹாசா என்ற மொழி நிறுவனம் இருக்கிறது, 1956 முதல். அது ஒரு சொல்லைச் சொன்னால் அடுத்த ஆண்டு பாடநூலில் ஏறிவிடும். நமக்கு அந்த அதிகாரம் எங்கே? 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சொல்லுக்கு எலியையும் கள்ளையும் காட்டிப் பகடி செய்கிறோம். புரியாது, புரியாது என்கிறீர்கள். 'இணையம்' முதல் நாள் யாருக்குப் புரிந்தது?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா | புதன், காலை 9.15

ஐயா கோபிக்காதீர்கள். இணையத்தை எடுத்ததற்கு நன்றி, அது என் பக்கம்தான் சாய்கிறது. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்த சொல் என்று சொல்வார்கள். அது பழைய ஏட்டில் கிடந்ததால் நிற்கவில்லை. இணை என்ற வினை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இணைய இதழ், இணையப் பக்கம், இணையவழி என்று கேட்ட இடத்திலெல்லாம் வளைந்து கொடுத்தது. எழினிக்கு அருகில் பிள்ளைக்குத் தெரிந்த சொல் எது? எழிலரசி.

ஒப்புருவைத் தொடக் கூடாது என்பதால் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. (ஆனால் அது தவறு.)

செந்தூலான் | புதன், இரவு 11.20

தலைப்பை விட்டு ஒரு நிமிடம். ஹாங்காங்கின் காய் டாக் விமான நிலையம் 1998 ஜூலையில் மூடப்பட்டது. இன்றைக்கும் உலகம் முழுக்க ஆட்கள் ஒப்புருவில் அதன் 13ஆம் ஓடுபாதையில் இறங்குகிறார்கள். மலையில் வரைந்த கட்டம்போட்ட பலகையைப் பார்த்ததும் வலப்பக்கம் திருப்ப வேண்டும், தாமதித்தால் மலை. சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்ட் விமான நிலையம் ஒரு காலத்தில் மைக்ரோசாப்ட் ஒப்புருவைத் திறந்தாலே நாம் நிற்கிற இடம். நிஜத்தில் 2003இல் போய்விட்டது. எனக்கு ஆசை, 1998க்கு முந்தைய சுபாங், கோலாலம்பூரின் பழைய விமான நிலையம். சித்தப்பா லண்டன் போனபோது மாடியிலிருந்து கையசைத்தோம். அந்தக் கம்பி வேலியை மட்டும் யாராவது கட்டிக் கொடுத்தால் போதும், விமானம்கூட வேண்டாம்.

இதற்கு எந்தச் சொல்லும் எனக்குச் சம்மதம்.

பாயான் பாரு டீச்சர் | வியாழன், மாலை 4.50

படித்தேன், எல்லாவற்றையும். வகுப்பிலும் கேட்டேன். 'எழினி' என்றதும் ஒரு பிள்ளை 'யாரு டீச்சர் அவங்க?' என்றது. 'களப்பொதி'க்கு 'கொரியரா?' என்றார்கள். தம்பியின் களம் மட்டும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது, இறங்குகிற இடம் என்று சட்டென்று சொன்னார்கள். முன்னால் காட்சியைச் சேர்த்தேன்: காட்சிக்களம். பொருட்காட்சி மைதானம் போல ஒலிக்கிறது என்று எனக்கே தெரியும். கிடைத்த ஓட்டு: காட்சிக்களம் ஆறு, சீனரி நான்கு, களப்பொதி இரண்டு, எழினி ஒன்று. ஓட்டுப் போடாதவர்கள் களைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கையேட்டின் முதல் வரியில் மட்டும் 'சீனரி எனப்படும் காட்சிக்களம்' என்று வரும்.

பிறை ஊரான் | வியாழன், மாலை 5.30

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன். 'காட்சி'யைச் சேர்த்ததும் பழையபடி தென்னைமரம் வந்துவிட்டது என்பதைப் பதிவு செய்கிறேன். எழினி பற்றி நான்கு வரி அடிக்குறிப்பு அனுப்பினால் கையேட்டில் இடம் உண்டா?

பாயான் பாரு டீச்சர் | வியாழன், மாலை 5.34

இல்லை ஐயா.

பாயான் பாரு டீச்சர் | வெள்ளி, மதியம் 3.20

அச்சாகி வந்துவிட்டது. பதாகை நன்றாக இருக்கிறது. சான்றிதழில் நான்தான் அவசரத்தில் 'காட்சிகளம்' என்று தட்டிவிட்டேன். பதினொன்றிலும்.

பிறை ஊரான் | வெள்ளி, மதியம் 3.26

க் மிகும். ஓட்டில் தோற்ற சொல்லாக இருந்தாலும் ஒற்று ஒற்றுதான்.

மறுபடி அச்சடிக்க வேண்டாம். நாளைக் காலை எட்டு மணிக்குப் பினாங்குப் பாலம் ஏறி வந்துவிடுகிறேன். சி-க்கும் க-வுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அதற்கேற்ற முனையுள்ள பேனாவாகப் பார்த்துக் கொண்டுவருகிறேன். பாம்புக் கோயிலையும் எனக்குக் காட்ட வேண்டும்.