ஏழைக் குடும்பங்களின் கைப்பேசிக் கட்டணத்துக்கு அரசுச் சலுகை உண்டா?

கேள்வி (பென்னாகரம் வட்டம்)

வணக்கம். எங்கள் ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்காக இதைக் கேட்கிறேன். பெரியப்பா நடமாட முடியாதவர். பிள்ளைகள் ஓசூரில் வேலை செய்கிறார்கள். மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும், வேலை கிடைக்கும் நாட்களில் வரும் நூறு நாள் வேலைக் கூலியும்தான் அவர்களுக்கு வருமானம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பட்டன் போன். வங்கிச் செய்தி, கேஸ் பதிவு, ஆதார் ஓடிபி என எல்லாம் அந்த எண்ணுக்கே வருவதால் அதை விட்டுவிடவும் முடியாது. 28 நாட்களுக்கு ஒரு முறை 199 ரூபாய் போடச் சொல்கிறார்கள். உரிமைத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் தொலைபேசிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே குறைக்கிறது என்று அங்கிருக்கும் உறவினர் சொன்னார். இங்கே அப்படி ஏதேனும் உண்டா? "மத்திய அரசு மூன்று மாத இலவச ரீசார்ஜ் தருகிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பும் சுற்றுகிறது. அது உண்மையா?

பதில் 1 (காவேரிப்பட்டணம், கைப்பேசிக் கடை)

முதலில் அந்த வாட்ஸ்அப் இணைப்பைத் தொடவே வேண்டாம், மற்றவர்களுக்கு அனுப்பவும் வேண்டாம். இலவச ரீசார்ஜ் திட்டம் என்று பரவிய இத்தகைய செய்திகள் பொய்யானவை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே பலமுறை மறுத்திருக்கிறது. யாரேனும் அதில் விவரம் கொடுத்துப் பணத்தை இழந்திருந்தால், தாமதிக்காமல் இணையவழிப் பண மோசடிக்கான அரசு உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. இணையம் சேராத, பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரி இறுதியில் இத்தகைய 84 நாள் திட்டத்துக்கு ஏர்டெல் 469 ரூபாயும் ஜியோ 448 ரூபாயும் விலை வைத்தன. 199 ரூபாய் வீதம் மூன்று முறை போட்டால் 597 ரூபாய் ஆகும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலை அவ்வப்போது மாறும் என்பதால், கடையில் "டேட்டா இல்லாத, வாய்ஸ் மட்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு இதைப் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பதில் 2 (தருமபுரி, தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்)

உங்கள் உறவினர் சொன்னது சரிதான். அந்தத் திட்டத்தின் பெயர் லைஃப்லைன். 1985-இல் வீட்டுத் தொலைபேசிக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் கைப்பேசிக்கும், 2016-இல் எடுக்கப்பட்ட முடிவால் இணையத்துக்கும் விரிந்தது. வருமானம் அந்நாட்டு வறுமை அளவுகோலில் 135 விழுக்காட்டுக்குள் இருந்தாலோ, உணவு உதவி, மெடிக்கெய்ட் என்னும் ஏழைகளுக்கான மருத்துவ உதவி போன்ற திட்டங்களில் ஏற்கெனவே பயன்பெற்று வந்தாலோ, ஒரு வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், மாதம் 9.25 டாலர் வரை கட்டணத்தில் கழிக்கப்படும். தகுதியை ஆண்டுதோறும் உறுதிசெய்ய வேண்டும். இதற்கான பணம் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலுத்தும் பங்கிலிருந்து ஒரு நிதியில் சேர்கிறது. இதோடு மாதம் 30 டாலர் வரை தந்த இன்னொரு இணையச் சலுகை, நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகை தீர்ந்ததால் 2024 ஜூன் முதல் தேதியோடு முடிந்துபோனது. தனி நிதியை நம்பிய திட்டம் நிலைத்தது, ஒதுக்கீட்டை நம்பியது நின்றது என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் அத்தகைய நிதி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2002-இல் தொடங்கிய அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதியில், நிறுவனங்கள் தம் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் (சில கழிவுகள் போக எஞ்சும் வருவாயில்) 5 விழுக்காட்டைச் செலுத்துகின்றன. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியது. ஆனால் இங்கே அந்தப் பணம் கோபுரமாகவும் கண்ணாடி இழையாகவும் ஊருக்கு வருகிறதே ஒழிய, உங்கள் பெரியம்மாவின் கட்டணத்தில் ஒரு ரூபாயையும் குறைப்பதில்லை. கேரளத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு இலவச இணைய இணைப்பு என்று 2023 ஜூனில் கேஃபோன் தொடங்கியதும் மாநில அரசின் முயற்சிதான். அதுவும் கம்பிவழி இணையம், கைப்பேசிக் கட்டணத்துக்கானது அன்று.

இருப்பினும் வழி அடைபட்டுவிடவில்லை. 2024-இல் வெளியான டிஜிட்டல் பாரத் நிதி விதிகள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்திலும் சமூகத்திலும் நலிந்த பிரிவினர் ஆகியோருக்குச் சேவை கிடைக்கச் செய்யும் திட்டங்களுக்கும் இந்த நிதியைப் பயன்படுத்தலாம் என்கின்றன. ஆகவே புதிய சட்டம் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பயனாளிகளைத் தேட வேண்டியதும் இல்லை. மாதம் 35 கிலோ அரிசி பெறும் அந்தியோதயா அட்டைதாரர்களின் பட்டியல் அரசிடமே இருக்கிறது. ஓடிபி இல்லாமல் பல சேவைகள் நகராத நிலையை அரசே உருவாக்கிவிட்டு, அந்த ஓடிபி வந்து சேரும் செலவை மட்டும் ஏழையின் தலையில் வைப்பது நியாயமன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள்.

பதில் 3 (அஞ்செட்டி)

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் கோபுரத்துக்குப் பணம் போவதைக் குறையாக எண்ணிவிட வேண்டாம். எங்கள் பக்கத்து மலைக் கிராமங்களில் சிக்னலுக்காக மேடு தேடி ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இணைப்பே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 26,316 கோடி ரூபாய் திட்டமும் இந்த நிதியிலிருந்துதான் நடக்கிறது. கட்டணச் சலுகை வேண்டும், அதற்காகக் கோபுரப் பணி குறையக் கூடாது என்று சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. டேட்டா இல்லாத திட்டம் போட்டால் ஓடிபி வருவது தடைபடுமா? 448 ரூபாயை ஒரே தவணையில் புரட்ட முடியாத மாதத்தில் எண் பறிபோய்விடுமா?

பதில் 1 (காவேரிப்பட்டணம், கைப்பேசிக் கடை)

ஓடிபி குறுஞ்செய்தியாக வருவது. அதற்கு இணையம் தேவையில்லை, திட்டத்தின் காலம் முடியாமல் இருந்தால் போதும். இரண்டாவது கேள்விக்கு: ப்ரீபெய்ட் கணக்கில் 20 ரூபாய்க்குக் குறையாமல் மீதி இருந்தால், 90 நாட்கள் பயன்பாடு இல்லை என்ற காரணத்தைக் காட்டி எண்ணைத் துண்டிக்கக் கூடாது என்பது டிராய் விதி. இது எண்ணைக் காப்பாற்றும். ஆனால் திட்டம் முடிந்தபின் அழைப்பும் ஓடிபியும் தொடர்ந்து வரும் என்று இதை நம்பி இருந்துவிடாதீர்கள். மொத்தமாகப் போட முடிகிறவர்களுக்கே மலிவு விலை கிடைக்கிறது என்பது வருத்தமான உண்மை. ஓசூரில் இருக்கும் பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அங்கிருந்தே அவருடைய எண்ணுக்குப் போட்டுவிட்டால், உரிமைத் தொகையில் கை வைக்க வேண்டியிருக்காது.