மேல்மலைச் சொந்தங்கள்: விதைக் கதிரும் புகைப்பரணும்

கவிதா: பெரியப்பா, பாப்பாவுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். கடை கண்ணி இல்லாத காலத்துல நம்ம கொடைக்கானல் மேல்மலையில, மன்னவனூர், பூம்பாறை பக்கம் ஒரு குடும்பம் வருஷத்தை எப்படி ஓட்டுச்சுன்னு எழுதணுமாம். சித்திரையில இருந்து வரிசையா சொல்லுங்க.

பெரியப்பா: சித்திரையில ஆரம்பிக்காத தாயி. அறுப்புல ஆரம்பி. கேழ்வரகு புரட்டாசி, ஐப்பசியில முத்தும். எல்லாம் ஒண்ணா முத்தாது, ரெண்டு மூணு தரம் கதிரை மட்டும் கொய்யணும். முதல் கொய்யல்லயே பருத்த கதிரா பார்த்து விதைக்கு ஒதுக்கிடணும்.

அத்தை: ஏன் ஒதுக்கணும்னு பாப்பா கேக்குமே. மத்த கதிரைக் குவிச்சு, வைக்கோல் மூடி மூணு நாள் வைப்பாங்க. உள்ள சூடேறும், அப்புறம் தட்டினா பொலபொலன்னு உதிரும். அந்தச் சூட்டுல முளைப்பு செத்துடும். விதைக் கதிர் அதுல சேரவே கூடாது.

செல்வம்: கூட ரெண்டு நாள் கிடந்தா என்ன அத்தை?

அத்தை: கருத்து, மக்கின வாடை அடிக்கும். அப்புறம் களி கசக்கும். கையை உள்ள விட்டுப் பாரு, சுட்டுச்சுன்னா அன்னைக்கே பிரிச்சிடு.

பெரியப்பா: விதைக் கதிரைக் கட்டு கட்டி அடுப்புக்கு மேல பரண்ல தொங்கவிடணும். தினமும் புகை ஏறினா வண்டு அண்டாது, ஈரமும் தங்காது. பூண்டும் அதே பரண்தான். இலைத் தாளோட கட்டித் தொங்கவிடு. பச்சையில தாளை வெட்டினா கழுத்து வழியா அழுகல் இறங்கும். நடுற அன்னைக்குத்தான் பல்லு பிரிக்கணும், முன்னாடியே பிரிச்சா வத்திப்போகும்.

கவிதா: அந்த 2019ல புவிசார் குறியீடு வாங்கின பூண்டுதானே?

பெரியப்பா: அதேதான். வைகாசியில ஒரு நடவு, ஐப்பசி கார்த்திகையில இன்னொண்ணு.

செல்வம்: மார்கழிப் பனியில கருகாதா?

பெரியப்பா: பூண்டுக்கு நுனிதான் காயும், திரும்பத் துளுக்கும். அவரை, உருளைக்குத்தான் ஆபத்து. காத்தில்லாத தெளிஞ்ச ராத்திரியில குளிர் பள்ளத்துல போய் இறங்கும். அதனால பள்ளத்துல அவரை போட மாட்டாங்க, சரிவுலதான்.

சித்தி: மொச்சையை விட்டுட்டீங்களே. கேழ்வரகு வருஷக் கணக்கா கெடாது, மொச்சை ரெண்டே மாசத்துல ஓட்டை விழும். செம்மண்ணைக் கூழாக் கரைச்சு, மொச்சையில புரட்டி, நாலு நாள் நல்ல வெயில்ல காய வைக்கணும். சரியாக் காயாம குதிர்ல, அதான் தானியம் கொட்டி வைக்கிற கூண்டுல, போட்டா பூஞ்சை பிடிக்கும். பல்லுல கடி, டக்குன்னு உடையணும், நசுங்கக் கூடாது.

கவிதா: சரி, எவ்வளவு தானியம் வேணும்?

பெரியப்பா: கணக்கு போடு. ஆளுக்கு நாளைக்கு அரைக்கிலோ கேழ்வரகுன்னா அஞ்சு பேருக்கு வருஷம் 912 கிலோ ஆச்சு. அது போக விதை. நாத்து விட்டு நட்டா ஏக்கருக்கு ரெண்டு கிலோ போதும், சும்மா தூவினா அதைவிடக் கூட வேணும்.

அத்தை: இழுபறி ஆடி ஆவணிதான். குதிர் அடி தெரியும், புதுக்கதிர் இன்னும் முத்தியிருக்காது. அப்பவும் பரண்ல இருக்கிற விதையைத் தொட மாட்டாங்க. கீரை, கிழங்கு, சாமைக் கஞ்சின்னு ஓட்டுவாங்க.

செல்வம்: சித்திரையில என்ன வேலை?

பெரியப்பா: எரு. நல்லா மக்கினதா இருக்கணும், பச்சைச் சாணி போட்டா வேர்ப்புழு வந்து நாத்தைத் தின்னுடும். கிளறினா சூடு இருக்கக் கூடாது, மண் வாசம் வரணும்.

கவிதா: அப்ப வெளியில இருந்து எதுவுமே வாங்கலையா?

சித்தி: உப்பு, துணி, இரும்பு. மூணுக்கும் கீழ சந்தைக்கு இறங்கித்தான் ஆகணும். உப்பை மட்டும் பரண்ல பானையில வைப்பாங்க, கீழ வச்சா மழைக்காலத்துல தண்ணியா ஒழுகிடும்.