ரெண்டு சிப்பாய் நிக்கிற ரோமன் காசு, பின்பக்கத்துல இருக்கிறது என்ன?

சின்ன வெண்கலக் காசு ஒன்னு வாங்கிருக்கேன், 15 மில்லிமீட்டர் இருக்கும், பின்னாடி ஈட்டியோட ரெண்டு பேர், நடுவுல ஏதோ கம்பம் மாதிரி. விளக்குமா, மரமா? யாராச்சும் சொல்லுங்களேன்.

பழங்காசு: அது படைக்கொடி ப்ரோ. சுத்தி இருக்கிற எழுத்து 'குளோரியா எக்செர்சிடஸ்', படையோட பெருமைன்னு அர்த்தம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 330 வாக்குல ஆரம்பிச்சது, அப்போ நடுவுல ரெண்டு கொடி இருக்கும், 335-336ல காசோட எடையைக் குறைச்சப்போ கொடியும் ஒன்னாயிடுச்சு, அதனால கொடியை எண்ணினாலே காலம் ஓரளவு பிடிபட்டுடும். எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் இது.

கேள்வி கேட்டவர்: ஒரே கொடிதாங்க! யார் காசுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பழங்காசு: அதுக்கு முன்பக்கம் பாக்கணும். கான்ஸ்டன்டைன் மட்டுமில்ல, அவர் பசங்க பேர்லயும், தம்பி மகன் டெல்மாஷியஸ் பேர்லயும் இதே பின்பக்கம்தான் அடிச்சாங்க. டெல்மாஷியஸ் கிடைச்சா விட்றாதீங்க, 335லருந்து 337 வரைக்கும்தான் சீசரா, அதாவது துணைப் பேரரசரா இருந்தார்.

நாணயக்காரி: சிப்பாய்ங்க காலுக்குக் கீழ கோடு போட்டு எழுத்து இருக்கும் பாருங்க, அதான் அடிச்ச ஊர். 'எஸ்எம்ஏஎன்'னா அந்தியோக்கியா, 'டிஆர்'னா ட்ரியர். ஆர்ல்ஸ்ல அடிச்ச சிலதுல கொடித்துணி மேல கிறிஸ்து பேரோட சின்னம்கூட இருக்கு, லென்ஸ் வெச்சுப் பாருங்க. தயவுசெஞ்சு மேல இருக்கிற பச்சைப் படிவைச் சுரண்டாதீங்க, போனா திரும்ப வராது, டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப்போடுங்க போதும்.