மறு: கிண்டிலிங்: சுள்ளியா, மூட்டமா, உருவேற்றமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக வந்த மடல்களை இன்றுதான் ஒருசேர உட்கார்ந்து படித்தேன். ‘கிண்டிலிங்’ (kindling) என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழில் நான் கேட்டது ஒரு சொல், வந்தது பதினொன்று. இரண்டு பேர் சண்டையும் போட்டுவிட்டார்கள். சரி, கலைச்சொல் மடல் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

நடுவில் சேர்ந்தவர்களுக்காகப் பொருளை மறுபடி சொல்லிவிடுகிறேன். நான் மொழிபெயர்ப்பது கிரஹாம் காடார்ட் என்ற ஆய்வாளரைப் பற்றிய கட்டுரை. படிப்பால் அவர் உளவியலாளர். வலிப்பைத் தேடிப் போனவரும் அல்ல. 1960களில் எலிகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். எலி மூளையில் அமிக்டலா என்ற, உணர்ச்சிகளோடு தொடர்புள்ள பகுதியில் மெல்லிய மின்கம்பியைப் பதித்து, நாள்தோறும் சிறிதளவு மின்சாரம் செலுத்தினார். முதல் நாள் எலி ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவு குறைந்த மின்சாரம் அது. அதே மின்சாரம், அதே இடம், அதே எலி. இரண்டு மூன்று வாரம் கழிந்தபோது அந்தச் சின்னத் தூண்டலுக்கே முழு வலிப்பு வந்தது. மின்சாரத்தை அவர் கூட்டவே இல்லை. மாறியது மூளைதான்.

இதை 1967இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டார். 1969இல் இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து விரிவாக எழுதியபோது, அடுப்புப் பற்றவைக்கும் சின்னக் குச்சிகளை நினைவூட்டும் பெயரை வைத்தார். அதுதான் கிண்டிலிங். நம் தலைவலி அங்கே தொடங்குகிறது.

மூன்று செய்திகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சொல்லை உரசிப் பார்க்க அவை வேண்டும். ஒன்று, இது படிப்படியாக வரும். எலி முதலில் வாயை மெல்லும். சில நாளில் தலையை ஆட்டத் தொடங்கும். அப்புறம் முன்னங்கால் துடிக்கும். அடுத்த கட்டத்தில் பின்னங்காலில் எழுந்து நிற்கும், கடைசியில் எழுந்து நின்று அப்படியே விழும். 1972இல் ரேசின் என்ற ஆய்வாளர் வகுத்த இந்த ஐந்து படிகளை வைத்துத்தான் ஆய்வகங்களில் இன்றும் மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டு, இடைவெளி வேண்டும். ஒரே நாளில் விடாமல் தூண்டினால் இந்த விளைவு சரியாக வராது, நாளுக்கு ஒருமுறை என்று இடைவெளி விட்டுத் தூண்டினால் நன்றாக வரும். மூன்று, வந்தது போகாது. வாரக்கணக்கில் சும்மா விட்டுவிட்டு மறுபடி தொட்டாலும் வலிப்பு வரும். காடார்டின் 1969 கட்டுரைத் தலைப்பிலேயே ‘நிலையான மாற்றம்’ என்றுதான் இருக்கிறது.

இனி உங்கள் சொற்கள்.

> கிண்டிலிங் என்றே எழுதிவிடுங்களேன். யாருக்கு நட்டம்?

வாசகருக்குத்தான் நட்டம், ஐயா. என் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். “கிண்டிலிங் செய்த எலி” என்று படித்ததும், எலி கிண்டில் கருவியில் மின்னூல் படிக்கிறதா என்று கேட்டார்கள்.

> சுள்ளிமூட்டல்

அழகான சொல். சுள்ளி என்றதும் சட்டென்று பற்றும் சின்னச் சின்னக் குச்சிகள் கண்ணில் வருகின்றன. காடார்டின் மனதில் இருந்த படமும் அதுதான். ஆனால் ஒரு கலைச்சொல் பெயராக மட்டும் இருந்தால் போதாது, அதைவைத்து வாக்கியம் எழுத வேண்டும். “சுள்ளிமூட்டிய எலிக்கு மருந்து கொடுத்தோம்” என்று எழுதிப் பாருங்கள். எலி சோதனைச்சாலையில் இருக்கிறதா, அடுப்பில் இருக்கிறதா? ‘தீமூட்டல்’ சொன்னவருக்கும் இதே பதில்தான், அங்கே நிலைமை இன்னும் மோசம்.

> மூட்டம். கரிமூட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கரிமூட்டத்தில் விறகு சுடர்விட்டு எரிவதில்லை. மண்ணுக்குள் மூடிக்கிடந்து நாள்கணக்கில் மெல்லக் கனிகிறது. வெளியே வருவது விறகல்ல, கரி. அதைத் திரும்ப விறகாக்க முடியாது, விறகைவிட எளிதில் தணலாகும். படிப்படி, நாள்கணக்கு, நிலையான மாற்றம் என்று நான் மேலே சொன்னதில் முக்கால்வாசி இதற்குள் வந்துவிட்டது. மூலச் சொல்லைவிடப் பொருத்தமான உவமை என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் எரிந்து முடிந்த சுள்ளிக்கு நாளை என்ற ஒன்று கிடையாது. ஆனால் கரி என்ற முன்னொட்டை எடுத்துவிட்டால் மூட்டம் என்றதும் நமக்கு மேகமும் புகையும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘மூளை மூட்டம்’ என்று எழுதினால், நினைவு மங்கி யோசனை ஓடாமல் போகும் அந்த வேறு நிலையைத்தான் வாசகர் நினைப்பார். கைவிட மனமில்லாமல் கைவிட்டேன்.

> உருவேற்றம்

மருத்துவர் அம்மா அனுப்பிய இந்த ஒற்றைச் சொல் மடலுக்கு எழுந்து நின்று கைதட்டினேன். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் பதிப்பது உருப்போடுவது. மந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஓதி அதற்கு வலு வரச் செய்வது உருவேற்றுவது. சின்ன அளவு, மறுபடி மறுபடி, ஒருநாள் ஏறிவிடுகிறது, ஏறியது இறங்குவதில்லை. தீயின் பேச்சே இல்லை. அதோடு, காடார்ட் கிண்டிலிங்கை வலிப்பாக மட்டும் பார்க்கவில்லை. திரும்பத் திரும்ப வரும் தூண்டலால் மூளை நிலையாக மாறுகிறது என்றால், அது கற்றலையும் நினைவையும் புரிந்துகொள்ள உதவும் ஆய்வு மாதிரியாக இருக்கலாம் என்றே பார்த்தார். கற்றலைத் தேடிப் போனவர் வலிப்பில் வந்து நின்று, அங்கிருந்தும் கற்றலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். அந்த முழுக் கதையும் ‘உரு’ என்ற ஈரெழுத்தில் இருக்கிறது.

அன்றிரவு கட்டுரை முழுவதும் அந்தச் சொல்லைப் போட்டும் விட்டேன். காலையில் எடுத்துப் படித்தபோது “உருவேறிய எலி” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உருவேறியது என்று நம் பேச்சில் வேறு எப்போது சொல்கிறோம்? சாமி வந்து ஆடும்போது. வலிப்பு வந்தவரைப் பேய் பிடித்தவர் என்று ஒதுக்கிய பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. முயலகன் என்ற பூதத்தின் பெயரையே இந்த நோய்க்கு வைத்திருந்த மொழி நம்முடையது. போதாக்குறைக்குக் கால்-கை வலிப்பு என்ற நேரான சொல்லை வாய்க்குவாய் மருவவிட்டு, ஒரு சம்பந்தமும் இல்லாத காக்காயைக் கொண்டுவந்து உட்காரவைத்தோம். இத்தனைக்கும் மேலே புதுக் கலைச்சொல்லிலும் ஆவேசத்தைக் கொண்டுவர எனக்குத் துணிவில்லை. மன்னியுங்கள், அம்மா.

ஆனால் அந்தச் சொல்லின் பின்பாதியை விட மனமில்லை. ஏற்றம். மெருகேற்றம், உரமேற்றம் என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது. அதில் எல்லாமே மெல்ல மெல்லக் கூடுவதுதான். அதனால் என் முன்மொழிவு:

கனலேற்றம்.

கனல் தீதானே என்பீர்கள். தீதான், ஆனால் சுடர்விடும் தீ அல்ல. “உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கிறது” என்று கோபத்தைச் சொல்கிறோமே, அந்தக் கனல். வெளியே தெரியாது, அணைந்ததுபோல் இருக்கும், ஊதினால் வரும். நூற்றுக்கணக்கான முறை தூண்டிய விலங்குகளுக்கு ஒரு கட்டத்தில் மின்சாரமே இல்லாமல் தானாகவும் வலிப்பு வருகிறது. ஊதாமலே பற்றும் கனல். ஏறு, ஏற்று என்ற இணை இருப்பதால் வினைக்கும் தொல்லையில்லை. ஆய்வாளர் கனலேற்றினார், எலி கனலேறியது, கனலேறிய மூளை, கனலேற்ற மாதிரி. எழுதிப் பார்த்துவிட்டேன், எங்கும் இடறவில்லை.

கட்டுரையில் இதைச் சோதித்த பத்தி மருந்து பற்றியது. லெவெடிராசெட்டம் இன்று உலகெங்கும் எழுதிக்கொடுக்கப்படும் வலிப்படக்கி மருந்து. அன்று வழக்கத்திலிருந்த இரண்டு முதல்கட்டச் சோதனைகளிலும் அது தேறவில்லை. நல்ல மூளை உள்ள விலங்குக்குத் திடீரென்று மின்னதிர்ச்சியோ வேதிப்பொருளோ கொடுத்து வலிப்பை வரவழைக்கும் சோதனைகள் அவை. கனலேறிய எலிகளில்தான் அதன் வேலை தெரிந்தது. 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நலமான மூளைக்கு வலிப்பை வரவழைப்பதும், வலிப்புக்குப் பழகிவிட்ட மூளையை அடக்குவதும் வேறு வேறு என்று அந்த ஒரு மருந்து காட்டிவிட்டது. கற்றலைப் படிக்கப் போனவர் தற்செயலாகக் கண்டது, பின்னால் மருந்தைச் சலிக்கும் சல்லடையாக ஆனது.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும். கனலேற்றம் என்பதை ஆய்வகத்தில் செய்யும் செயலுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். ஒரு வலிப்பு அடுத்த வலிப்புக்கு வழிவிடுகிறது என்ற கருத்தை கவர்ஸ் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் 1881லேயே எழுதிவிட்டார். மனிதரில் அது எந்த அளவுக்கு உண்மை என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. மருந்தால் வலிப்பு நின்று நலமாக இருப்பவர்கள் ஏராளம். “உங்கள் பிள்ளையின் மூளை கனலேறுகிறது” என்று எந்த இதழிலாவது ஒரு வரி வந்துவிட்டால், அதைப் படிக்கும் தாய்க்குத் தூக்கம் போய்விடும்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதற்குப் பிறகு கட்டுரையைக் கொடுத்துவிடுவேன். அதோடு இன்னொரு சொல்லும் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அந்த இடத்து நரம்பணுக்கள் சில நொடிகள் ஒன்றாகச் சேர்ந்து துடித்துக்கொண்டே இருக்கும். அது இல்லாமல் கனலேறுவதில்லை. ‘பின்னதிர்வு’ என்று போட்டுவைத்திருக்கிறேன், ஆனால் படிப்பவர்கள் நிலநடுக்கம் என்று நினைக்கிறார்கள்.