மறு: ‘பேஸ் ஸ்டேஷன்’: தள நிலையமா, நிலைக்கருவியா?

வணக்கம்.

> தள நிலையம் என்றே வைத்துக்கொள்ளலாமே. செல்போன் கோபுரத்துக்கு ஏற்கெனவே புழங்குகிறது. புதுச்சொல் எதற்கு?

கோபுரத்துக்குச் சரி, ஐயா. நான் பெயர் தேடுவது, கார்ட்லெஸ் போனுக்கு அலை பரப்பச் சுவரில் மாட்டும் உள்ளங்கை அகல ‘பேஸ் ஸ்டேஷ’னுக்கு. ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனியில் கார்ட்லெஸ் போன் போடுகிறோம். அலுவலகம், இறால் தரம்பிரிக்கும் கூடம், உறைஅறை, வெளியே லாரி நிற்கும் இடம் எல்லாவற்றுக்கும் எட்ட வேண்டும். அங்கே வேலை செய்பவர்களுக்குத் தமிழில் ஒரு தாள் எழுதித் தருவது என் பொறுப்பு.

வீட்டு கார்ட்லெஸ்ஸில் பேசியைச் செருகிவைக்கும் ஸ்டாண்டே அலையையும் அனுப்பி வாங்கிக்கொள்ளும். அலுவலக முறையில் இரண்டும் தனித்தனி: சார்ஜ் ஏற்றுவது மேசைமேல், அலை பரப்புவது கூரையடியில். ‘தளம்’ என்று எழுதினால் எல்லோர் கண்ணும் மேசைமேல் இருப்பதற்குத்தான் போகும். சிக்னல் இல்லையென்றால் அதைத் தூக்கி ஜன்னலோரம் வைப்பார்கள். தளம், அடி, ஆதாரம் மூன்றுமே கீழிருந்து தாங்குவதைக் குறிப்பவை. இதுவோ எதையும் தாங்கவில்லை, தொங்குகிறது.

கார்ட்லெஸ் போன்களுக்கான டெக்ட் தரநிலையைப் புரட்டினால் அங்கே ‘பேஸ்’ என்ற பேச்சையே தள்ளிவைத்து, ‘ஃபிக்ஸ்டு பார்ட்’, ‘போர்ட்டபிள் பார்ட்’ என்று பிரித்திருக்கிறார்கள். ஒன்று நிற்பது, மற்றது நடப்பது. அதனால் என் பரிந்துரை: நிலைக்கருவி, கைக்கருவி. சார்ஜருக்கு மின்தொட்டில். (சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறை இதே டெக்ட் வழிவந்ததுதான். அன்றைக்கே தமிழில் பெயர் வைத்திருந்தால் இன்று நமக்கு இந்த மல்லுக்கட்டு இல்லை.)

நிலைக்கருவிக்கு ‘அலைப்பெட்டி’ என்ற யோசனையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீன் கம்பெனியில் பெட்டி என்றால் மீன்பெட்டி. “பெட்டியைக் கழுவாதே” என்று எழுதி ஒட்ட எனக்குத் துணிவில்லை.

எத்தனை நிலைக்கருவி என்று கேட்டிருந்தீர்கள். ஒரு கருவியின் அலை திறந்தவெளியில் 300 மீட்டர், கட்டடத்துக்குள் சுமார் 50 மீட்டர் எட்டும் என்பது பொதுக்கணக்கு. உறைஅறையில் அந்தக் கணக்கு செல்லாது. அதன் சுவரான பஃப் பேனல் நுரை அடைத்த பலகை; இரு முகமும் உலோகத் தகடு, அலை திரும்பி வந்துவிடும். கருவியை உள்ளே மாட்டலாமென்றால் அங்கே −18 டிகிரி. பெரும்பாலானவற்றுக்கு 0க்குக் கீழே ஆகாது. கதவுக்கு நேரெதிரே ஒன்றை மாட்டி, கதவு சாத்தியிருந்தால் உள்ளே பேச முடியாது என்று தாளிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டெக்ட்டில் ஒரு அலைவரிசையின் நேரம் ஒவ்வொரு சுற்றிலும் 24 துண்டுகளாகப் பிரியும், பேச ஒன்று, கேட்க ஒன்று எனப் போனால் 12 அழைப்பு. கடையில் கிடைக்கும் கருவிகள் பலவும் அதற்குக் குறைவாகவே தரும்.

மின்சாரம்தான் இந்தக் கரையில் பெரும்பாடு. தனித்தனி அடாப்டர் வேண்டவே வேண்டாம். கரண்டு போனால் ஒவ்வொன்றும் சாகும். போகாவிட்டாலும் உப்புக்காற்றில் அதன் செருகுமுனை பச்சை பூத்துக் கிடக்கும். 2003இல் வந்த 802.3ஏஎஃப் முறையில் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் வரும். கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் முனையில் 15.4 வாட் வரை. நிலைக்கருவிக்குச் சில வாட்டே போதும். கேபிள் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. சுவிட்சுக்கு ஒரு யூ.பி.எஸ். போட்டால் எல்லாம் உயிரோடிருக்கும். அந்த யூ.பி.எஸ்.ஸிலேயே ரவுட்டரையும் சேர்க்காவிட்டால் பயனில்லை, மறந்துவிடாதீர்கள்.

இதற்கு ‘வலைவட மின்சாரம்’ என்றீர்கள். இங்கே வலையும் வடமும் படகில் கிடப்பவை, ஐயா. ‘வடமின்’ என்று சுருக்கலாமா?

மண்டபத்திலிருந்து

- - -

தம்பி, நிலைக்கருவிக்கு என் ஓட்டு. கைக்கருவி வேண்டாம், மண்வெட்டியும் கைக்கருவிதான். ‘நடைபேசி’ பாருங்கள். ஒரு நிலைக்கருவியிலிருந்து அடுத்ததுக்கு அழைப்பு தாவுவதற்குக் ‘கைமாற்று’ என்று முன்பு யாரோ எழுதியிருந்தார்கள். அது கடன்.

- - -

நடைபேசி அருமை, எடுத்துக்கொண்டேன். தாவுவதற்குத் ‘தாவல்’ என்றே எழுதிவிடுகிறேன், நீங்களே சொல்லிவிட்டீர்களே. தாவ வேண்டுமென்றால் இரண்டு நிலைக்கருவிகளின் அலை எட்டும் வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக விழ வேண்டும். அதனால் கூடத்துக்கும் லாரி நிற்கும் இடத்துக்கும் நடுவில் இன்னொன்று கேட்கப் போகிறேன். முதலாளி விலை கேட்பார். வடமின்னுக்கு மறுப்பிருந்தால் தாள் அச்சுக்குப் போவதற்குள் சொல்லுங்கள்.